கலை வரலாறும் திரைப்படமும்: இணைந்த கல்வியில் காலம் பற்றிய வினா

ஆய்வுச்சுருக்கம்

பல்கலைக்கழகத்தில் கலை வரலாறும் திரைப்படமும் இணைத்துக் கற்கப்படும்போது மாணவர் பெறும் தனிப்பயன் யாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எர்வின் பனோஃப்ஸ்கியின் திரைப்படக் கட்டுரையும், பினோத் பிஹாரி முகர்ஜியின் சுவரோவியத்தைக் காட்டும் சத்யஜித் ராயின் ஆவணப்படமும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. படைப்பில் உள்ள ஒழுங்கையும், அதைப் பதிவுசெய்த கருவி தரும் ஒழுங்கையும் பிரித்தறியும் பயிற்சியே இவ்விணைப்பின் அடிப்படைப் பயன் என இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: கலை வரலாறு, திரைப்படக் கல்வி, படிமவியல், சுவரோவியம், காலம், ஆவணப்படம்

முன்னுரை

ஓவியமும் சிற்பமும் அசையாதவை, திரைப்படம் அசைவது. இவ்வேறுபாட்டைக் கொண்டே இரு துறைகளும் பெரும்பாலும் தனித்தனியே கற்பிக்கப்படுகின்றன. இணைத்துக் கற்பிக்கும் இடங்களிலும், ஓவியத்தைப் போலமைந்த திரைக்காட்சிகளைப் பட்டியலிடுவதோடு ஒப்பீடு நின்றுவிடுவதுண்டு. இவ்வகை ஒப்புமை தொடக்கப் பயிற்சியாக அமையலாம். ஆய்வு முறையாக அமையாது. இரு துறைகளையும் பிணைக்கும் வினா வேறொன்று. ஒரு படைப்பைக் காண்பதற்கு ஆகும் காலத்தையும், காணும் வரிசையையும் யார் முடிவு செய்கின்றனர் என்பதே அவ்வினா.

திரையில் பிறந்த கலை வரலாறு

கலை வரலாறு தன் இன்றைய வகுப்பறை வடிவத்தைப் பெற்றதே ஒரு திரையின் துணையால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்ணாடி ஸ்லைடுகள் விரிவுரைக் கூடங்களுக்குள் வந்தன. ஹைன்ரிச் வோல்ஃப்லின் இரு படங்களை அருகருகே ஒளிவீழ்த்திக் காட்டி விளக்கும் முறையைக் கையாண்டார். 1915ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூலும் மறுமலர்ச்சிக் காலக் கலையையும் பரோக் கலையையும் இணை இணையாக நிறுத்தி ஆராய்கிறது. ஒப்பீட்டு முறை வேரூன்றியதில் இக்கருவிக்கும் பங்குண்டு. இருட்டறையில் அமர்ந்து ஒளிப்படிமத்தைக் காணுதல் இரு துறைகளுக்கும் பொதுவான பட்டறிவாகும்.

பனோஃப்ஸ்கி காட்டிய வழி

மறுமலர்ச்சிக் கால ஓவியங்களை ஆராய்ந்த பனோஃப்ஸ்கி, 1930களில் பிரின்ஸ்டனில் திரைப்படம் குறித்து உரையாற்றினார். அவ்வுரை 1936இல் கட்டுரையாகவும், 1947இல் விரிவாக்கப்பட்ட வடிவிலும் வெளிவந்தது. அதன் இரு கருத்துகள் இங்கு முதன்மையானவை.

முதலாவது, படிமவியல் பற்றியது. ஊமைப்படக் காலத்தில் நல்லவரும் தீயவரும் உடையாலும் தோற்றத்தாலும் உடனே அடையாளம் காணப்பட்டனர். இடைக்காலக் கலையில் அறங்களும் குற்றங்களும் தத்தம் அடையாளச் சின்னங்களால் உணர்த்தப்பட்டதோடு பனோஃப்ஸ்கி இதனை ஒப்பிட்டார். புதியதொரு கலைவடிவத்தைப் பார்வையாளர் பழகும்வரை நிலைத்த அடையாளங்கள் தேவைப்படுகின்றன என்பது இதனால் பெறப்படுகிறது.

இரண்டாவது, வெளியும் காலமும் பற்றியது. திரையரங்கில் பார்வையாளரின் உடல் இருக்கையில் நிலைத்திருக்கிறது. கண்ணோ கேமராவோடு சேர்ந்து ஓயாது இடம்பெயர்கிறது. இதனால் வெளி இயக்கம் பெறுகிறது. கோயிலிலோ அரண்மனையிலோ சுவரோவியத்தைக் காண்பவரின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்குப் படிமம் நிலைத்திருக்க, உடல் நடக்கிறது. இம்முரணே இணைந்த கல்வியின் களமாகும்.

சுவரும் படச்சுருளும்

சாந்திநிகேதன் இந்தி பவனத்தின் சுவரோவியம் இக்களத்திற்குத் தெளிவான சான்று. பினோத் பிஹாரி முகர்ஜி 1946–47இல் அங்கு இடைக்கால இந்திய அடியார்களின் வாழ்வை மூன்று சுவர்களின் மேற்பகுதியில் தீட்டினார். இராமாநுசர், கபீர், சூர்தாசர், துளசிதாசர் முதலியோர் அதில் இடம்பெறுகின்றனர். காட்சிகளைப் பிரிக்கும் சட்டகங்கள் இல்லை. மாந்தர் திரள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்ந்து செல்கிறது. ஈரச் சுதைமீது தீட்டும் முறையாதலின், ஒவ்வொரு பகுதியும் அதன் பூச்சு உலர்வதற்குள் முடிக்கப்பட வேண்டும். எனவே ஓவியம் பல நாள் வேலைகளின் தொடர்ச்சியாகவே சுவரில் வளர்கிறது.

1940களின் தொடக்கத்தில் கலாபவனத்தில் பயின்ற ராய், படிப்பு முடியுமுன்னரே சாந்திநிகேதனை விட்டு நீங்கினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் தம் ஆசிரியரான முகர்ஜியைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்னும் சுமார் இருபது நிமிட ஆவணப்படத்தை 1972இல் உருவாக்கினார். 1950களில் பார்வையை முற்றும் இழந்த பின்னரும் படைப்பதை நிறுத்தாத கலைஞரை அப்படம் காட்டுகிறது. இந்தி பவன ஓவியமும் அதில் இடம்பெறுகிறது.

இவ்விடத்தில் மூன்று காலங்கள் சந்திக்கின்றன. சுதை உலரும் வேகத்திற்கு உட்பட்டது ஓவியர் தீட்டிய காலம். கூடத்தில் நிற்பவர் விரும்பியவாறு திரும்பவும் நிற்கவும் இயலும் காலம் மற்றொன்று. கேமராவின் நகர்வு, படத்தொகுப்பு, பின்னணிக் குரல் ஆகியவற்றால் வரையறுக்கப்பட்ட படத்தின் காலம் மூன்றாவது. கலை வரலாறு மட்டும் கற்றவர் படத்தை ஓவியத்தின் நம்பகமான பதிவாகக் கொள்ளக்கூடும். திரைப்படம் மட்டும் கற்றவர் ஓவியத்தைக் கேமராவிற்கான மூலப்பொருளாகக் கருதக்கூடும். முதலாமவர் இயக்குநரின் தேர்வை ஓவியரின் கருத்தாக எழுதிவிடுவார். இரண்டாமவர் ஓவியரின் இயக்கத்தை இயக்குநரின் சாதனையாக எழுதிவிடுவார். சட்டகமற்ற தொடர்ச்சி சுவருக்குரியது. எப்பகுதி முதலில், எவ்வளவு நேரம் என்பது படத்திற்குரியது. இரண்டையும் பிரித்துரைக்க இருவகைப் பயிற்சியும் தேவை.

ஆய்வு நெறிக்கான பயன்

ஆய்வாளர் பலரும் படைப்புகளை நேரில் காணுமுன் ஒளிப்படம் வழியாகவே அறிகின்றனர் என்பதால் இது வகுப்பறைக்குள் அடங்கும் சிக்கலன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த திருச்சுற்றில் உள்ள சோழர் கால ஓவியங்கள் இதனைத் தெளிவாக உணர்த்தும். சுந்தரர் கயிலை செல்லும் ஓவியத்தை நூல்கள் முழுமையாக ஒரே பக்கத்தில் காட்டுகின்றன. குறுகிய அத்திருச்சுற்றிலோ விலகி நின்று முழுமையாகக் காண இடமில்லை. அண்ணாந்தும் நகர்ந்தும் பகுதி பகுதியாகவே காண இயலும். ஒளிப்படத்தை மட்டும் கொண்டு 'ஒருங்கிணைந்த காட்சியமைப்பு' என எழுதும் ஆய்வு, அத்திருச்சுற்றில் நின்றவருக்குக் கிட்டாத ஒரு பார்வையை அவருக்கு ஏற்றிவிடுகிறது.

இணைந்த பாடத்திட்டத்தில் எளிய பயிற்சி ஒன்றை அமைக்கலாம். மாணவர் ஒரு சுவரோவியத்தையோ சிற்பத்தொகுதியையோ முதலில் நேரில் கண்டு, நடந்த வழியையும் நின்ற இடங்களையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் அதே படைப்பைக் காட்டும் படத்தை ஷாட் ஷாட்டாகப் பிரித்து, அதன் வரிசையையும் கால அளவையும் பட்டியலிடுதல் வேண்டும். இரு குறிப்புகளும் வேறுபடும் இடங்களே ஆய்வுக்குரிய இடங்களாகும்.

முடிவுரை

கலை வரலாறு திரைப்பட மாணவருக்குப் பொருளின் மூலத்தையும் செய்முறையையும் உசாவக் கற்பிக்கிறது. திரைப்படக் கல்வி கலை வரலாற்று மாணவருக்கு, தாம் காணும் ஒவ்வொரு பதிவும் ஒருவரின் தேர்வு என்பதை உணர்த்துகிறது. ஒன்றற்கு மற்றொன்று துணைப்பாடமாக அமையும் நிலை மாறி, ஒன்றன் சான்றை மற்றொன்று சோதிக்கும் நிலை உருவாகுமாயின், இணைந்த கல்வி ஆய்வின் நம்பகத்தன்மைக்கு வலுச் சேர்க்கும்.