காப்புறுதித் தாள்: அன்றும் இன்றும்

ஒரு காலத்தில் ஜொகூரின் குளுவாங், லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களுக்குக் காப்புறுதி முகவர் சம்பள நாள் பார்த்து வருவார். பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கிழித்துக் கொடுப்பார்; பத்திரத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழில் வாய்மொழியாகச் சொல்வார். பத்திரம் தகரப் பெட்டிக்குள் போய்விடும். பொடி எழுத்து ஆங்கிலத்தில், ஒரே வாக்கியம் அரைப் பக்கம் ஓடும் அந்தத் தாளை முகவரே முழுதாகப் படித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

சட்டமும் அன்று வாங்குபவர் தலையிலேயே பாரத்தை வைத்தது. அறிந்ததையும் அறிந்திருக்க வேண்டியதையும் முழுமையாகச் சொல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்ற எச்சரிக்கையை விண்ணப்பப் படிவத்தில் எடுப்பாக அச்சிடச் சொன்னது 1996ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டம். எதைச் சொல்ல வேண்டும் என்பதை வாங்குபவரேதான் ஊகிக்க வேண்டும். யாரும் கேட்காத சர்க்கரை நோய்கூட, இழப்பீடு கேட்கும் நாளில் குறுக்கே வந்து நிற்கலாம்.

2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை 2015 ஜனவரியில் நடப்புக்கு வந்ததும் நிலைமை மாறியது. சொந்தத் தேவைக்குக் காப்புறுதி எடுப்பவரிடம் நிறுவனம்தான் குறிப்பான கேள்விகளைக் கேட்க வேண்டும். அவர் நியாயமான கவனத்துடன் பதில் சொல்ல வேண்டும். பதில் பிசகினால், கேள்வி எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதும் கணக்கில் வரும். தெளிவை வேறு விதமாக அளப்பவர்களும் உண்டு: அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பத்திரத்தின் அசைகளையும் வாக்கிய நீளத்தையும் எண்ணி, பிளெஷ் என்ற வாசிப்பு எளிமை அளவுகோலில் 40 மதிப்பெண் தேற வேண்டும் என்பார்கள். எண்ணிக்கையில் தேறிய தாளும் புரியாமல் போகலாம். மங்கலான கேள்வியால் தனக்கே நட்டம் என்றால்தான் நிறுவனம் தெளிவாக எழுதும். மலேசிய வழி மேல் என்றே எனக்குப் படுகிறது.

மத்திய வங்கியான பேங்க் நெகாரா கட்டாயமாக்கிய விளக்கத் தாளும் இன்று கையொப்பத்துக்கு முன்பே வருகிறது. ‘எவ்வளவு பிரீமியம் கட்ட வேண்டும்?’, ‘எவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை?’ என்று தலைப்புகளே கேள்விகளாக இருக்கின்றன. வெள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கி, ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினர். ஆனால் கார் முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாகச் சேராது. கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2023 மார்ச்சில் யொங் பெங் மூழ்கியபோதும் விதி அதுதான். முன்பு பத்திரத்தின் நடுவே புதைந்து கிடந்த அந்த விதி, இன்று இரண்டு மூன்று பக்கத் தாளில் கண்ணில் படுகிறது.

ஆனால் அந்தத் தாள் பேசுவது மலாயிலும் ஆங்கிலத்திலும். இணையத்தில் வாங்கினால் ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்ற கட்டத்தில் ஒரு தட்டு, அவ்வளவுதான். பழைய முகவர் தப்பாகவும் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அடுத்த மாதம் வாசலுக்கு வந்தார், நிறுத்திக் கேட்க முடிந்தது.

தகராறு என்று வந்தால், 2025 ஜனவரி முதல் நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவை 2,50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை இலவசமாக விசாரிக்கிறது. அதுவரை போக விடாதீர்கள். பருவமழைக்கு முன் காரின் காப்புறுதியில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.