நாய் சொன்ன பேச்சு கேட்கலையா? நாம சொல்றது அதுக்குப் புரியுதா? 'அஜிலிட்டி' பயிற்சி சொல்லித்தரும் பாடம்

"டாமி, வா வா" என்று கூப்பிடுகிறோம். கூப்பிட்டுக்கொண்டே அதை நோக்கி நாலு அடி எடுத்து வைக்கிறோம். டாமி பின்னால் நகர்கிறது. குரலை உயர்த்தி, குனிந்து, கையை நீட்டிக்கொண்டு இன்னும் வேகமாகப் போகிறோம். டாமி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

"சொன்ன பேச்சே கேட்கமாட்டேங்குது, சரியான திமிரு பிடிச்ச நாய்" என்று முடித்துவிடுகிறோம்.

ஆனால் நாய் பக்கம் இருந்து பார்த்தால் கதையே வேறு. நம் வாய் 'வா' என்றது. நேராக அதன் மேல் நடந்துபோன நம் உடம்போ 'தள்ளிப் போ' என்றது. இரண்டில் ஒன்றை நாய் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அது உடம்பு சொன்னதைக் கேட்டது.

வீட்டில் நடக்கும் இந்தக் குழப்பத்தைப் பளிச்சென்று வெளிச்சம் போட்டுக் காட்டும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதன் பெயர் 'டாக் அஜிலிட்டி'.

அஜிலிட்டி என்றால் என்ன?

ஒரு மைதானத்தில் சுமார் 20 தடைகளை எண் போட்டு வைத்திருப்பார்கள். தாண்டும் கம்பி, நுழைந்து வெளியே வரும் டன்னல், ஏறி இறங்கும் சாய்வுப் பலகை, ஸீ-ஸா, டயர் வளையம், வரிசையாக நட்ட கம்பங்கள் என்று பல வகை. எண் வரிசைப்படி, தப்பில்லாமல், குறைந்த நேரத்தில் நாய் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும்.

இதில் முக்கியமான விஷயம், நாய்க்கு எண் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு போட்டிக்கும் தடைகளை வேறு மாதிரி அடுக்குவார்கள் என்பதால் மனப்பாடமும் செய்ய முடியாது. அடுத்தது எது என்று ஓடிக்கொண்டே சொல்ல வேண்டியது கூட ஓடும் மனிதர்தான்.

அவருக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. கையில் கயிறு இருக்கக் கூடாது. நாயைத் தொடக் கூடாது. தடையையும் தொடக் கூடாது. பிஸ்கட், பந்து எதுவும் கொண்டுபோகக் கூடாது. அவரிடம் மிச்சம் இருப்பது குரலும் உடம்பும் மட்டும்தான்.

நாய் தப்பான தடைக்குள் போய்விட்டால் அந்தச் சுற்று அதோடு அவுட்.

இது எங்கே தொடங்கியது?

பிரிட்டனில் நடக்கும் 'கிரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சி உலகப் புகழ் பெற்றது. 1978-ல் அங்கே போட்டிகளுக்கு நடுவே கிடைத்த இடைவேளையில் பார்வையாளர்களுக்கு ஏதாவது வேடிக்கை காட்டலாம் என்று முடிவு செய்தார்கள். கண்காட்சிக் குழுவைச் சேர்ந்த ஜான் வார்லி, நாய்ப் பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல்லின் உதவியைக் கேட்டார். குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து, அதே பாணியில் நாய்களுக்கு ஒன்றைத் தயார் செய்தார்கள்.

இடைவேளை வேடிக்கையாக வந்தது கூட்டத்துக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 1980-லேயே பிரிட்டனின் கென்னல் கிளப் இதை அதிகாரப்பூர்வ விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. 1996 முதல் உலக சாம்பியன்ஷிப்பும் நடக்கிறது.

நாய் எதைக் கவனிக்கிறது?

அஜிலிட்டி பழக வருபவர்களுக்கு முதல் அதிர்ச்சி இங்கேதான். "டன்னல், டன்னல்" என்று கத்துவார்கள். நாய் பக்கத்தில் இருக்கும் கம்பியைத் தாண்டிவிடும். "என்ன இது, டன்னல்னா இதுக்குத் தெரியுமே!" என்பார்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் உண்மை தெரியும். வாய் டன்னலைச் சொன்னபோது கால் விரல்களும் தோளும் கம்பியைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

ஓடும் நாய் முதலில் கவனிப்பது நம் அசைவை. நாம் எந்தப் பக்கம் ஓடுகிறோம், வேகத்தைக் கூட்டுகிறோமா குறைக்கிறோமா, தோள் எங்கே திரும்புகிறது, கால் எதைக் காட்டுகிறது என்பதெல்லாம் அதற்குச் செய்தி. கை ஜாடை அதற்குப் பிறகு. பேச்சு பல நேரம் கடைசியில்தான் வரும்.

இதற்கு அதன் கண் அமைப்பும் ஒரு காரணம். மனிதனுக்குப் பார்வைப் பரப்பு ஏறக்குறைய 180 டிகிரி. நாய்க்குச் சுமார் 240 டிகிரி. முன்னால் ஓடினாலும் பக்கவாட்டில் நம் அசைவு அதன் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதையே சொல்கிறது. பயிற்சி பெற்ற நாய்களிடம் வாயால் ஒரு கட்டளையையும் கையால் வேறு ஒரு கட்டளையையும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். முரண்பாடு வந்தபோது நாய்கள் பெரும்பாலும் கை ஜாடையையே பின்பற்றின.

அப்போ குரலுக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் ஆட்டிலா ஆண்டிக்ஸ் தலைமையிலான குழு 13 நாய்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கியது. பாராட்டுச் சொற்களையும் சாதாரணச் சொற்களையும் பாராட்டும் தொனியிலும் சாதாரணத் தொனியிலும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். சொல், தொனி இரண்டும் பாராட்டாக இருந்தபோதுதான் மூளையில் மகிழ்ச்சியோடு தொடர்புடைய பகுதி நன்றாகத் தூண்டப்பட்டது. 2016-ல் 'சயின்ஸ்' இதழில் இந்த முடிவு வெளியானது.

அதாவது, எரிச்சலான குரலில் "குட் பாய்" என்றாலும், கொஞ்சும் குரலில் சம்பந்தமே இல்லாத எதையாவது சொன்னாலும் நாய்க்கு அது முழுப் பாராட்டு ஆகாது. சொல்லும் தொனியும் ஒத்துப்போக வேண்டும். உடம்பும் சேர்ந்துகொண்டால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

அரை நொடியில் என்ன ஆகிவிடும்?

அஜிலிட்டியில் நிறைய ஆகிவிடும். நல்ல வேகத்தில் ஓடும் நாய் ஒரு நொடியில் 5 மீட்டர் கடக்கும். 'இடது பக்கம் திரும்பு' என்ற சைகை அரை நொடி தாமதமானால், நாய் இரண்டரை மீட்டர் தள்ளிப் போயிருக்கும். கம்பியைத் தாண்ட அது காற்றில் எழும்பிவிட்ட பிறகு சொன்னால், காற்றிலேயே உடம்பைத் திருப்பப் பார்க்கும். கம்பி விழும், அல்லது நாய்க்கு அடிபடும். அதனால் எழும்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது பயிற்சியின் அடிப்படைப் பாடம்.

பாராட்டுக்கும் இதே கணக்குதான். 'உட்கார்' என்றதும் நாய் உட்காருகிறது. நாம் பிஸ்கட் டப்பாவைத் தேடி எடுத்து வருவதற்குள் அது எழுந்து குதிக்கிறது. அப்போது பிஸ்கட் கொடுத்தால், நாய் கற்றுக்கொள்வது 'குதித்தால் பிஸ்கட்' என்பதைத்தான்.

இதற்காகத்தான் பல பயிற்சியாளர்கள் 'க்ளிக்கர்' என்ற சின்னக் கருவியை வைத்திருக்கிறார்கள். சரியாகச் செய்த அதே கணத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். தீனி பிறகு வரும். 'இப்போ செஞ்சியே, அதுதான் சரி' என்று நாய்க்குச் சொல்லும் அடையாளம் அது. க்ளிக்கர் இல்லாவிட்டால் "யெஸ்" என்ற ஒரு குட்டிச் சொல் போதும்.

'கிட்டத்தட்ட சரி' என்று விட்டால் என்ன?

சாய்வுப் பலகையின் கடைசிப் பகுதிக்கு வேறு நிறம் அடித்திருப்பார்கள். இறங்கும்போது நாயின் ஒரு பாதமாவது அந்த இடத்தில் பட வேண்டும். மேலேயிருந்து ஒரே தாவாகக் குதித்தால் அதற்கும் ஆபத்து என்பதால் இந்த விதி.

'பாதி வழியில் குதிக்காதே' என்று நாய்க்கு எப்படிப் புரிய வைப்பது? 'செய்யாதே' என்பது அதற்கு விளங்காது. அதனால் 'என்ன செய்ய வேண்டும்' என்பதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். பரவலாக உள்ள ஒரு முறையில், பின்னங்கால் இரண்டும் பலகையில், முன்னங்கால் இரண்டும் தரையில் வைத்து நாய் நிற்க வேண்டும். 'போ' என்ற பிறகே நகர வேண்டும். தெளிவான, ஒவ்வொரு முறையும் மாறாத விதி.

பயிற்சியில் கறாராக இருந்துவிட்டு, போட்டியில் அவசரத்தில் 'பரவாயில்லை, ஓடு' என்று விட்டால் அந்த விதி செத்துவிடும். சில முறை விட்டால் போதும், எந்தக் கட்டளை நிஜம், எது சும்மா என்று நாய் சோதித்துப் பார்க்கத் தொடங்கும்.

நம் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு இருக்கும்போது நாய் மேலே தாவினால் கொஞ்சுகிறோம். திங்கட்கிழமை வெள்ளைச் சட்டையில் ஆபீஸ் கிளம்பும்போது தாவினால் அடிக்கிறோம். கிழமையும் சட்டையும் நாய்க்கு எப்படித் தெரியும்?

தப்பு செய்தால் அடிக்கலாமா?

அஜிலிட்டி மைதானத்தில் சில நாய்கள் நடுவில் நின்று தரையை மோப்பம் பிடிக்கும். கொட்டாவி விடும், உதட்டை நக்கும், உடம்பைச் சொறியும். சில, மைதானத்தையே பைத்தியம் பிடித்தது போல் சுற்றி வரும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். "சேட்டை பண்ணுது" என்பார்கள். பல நேரங்களில் இவை பதற்றத்தின் அறிகுறிகள். 'நீ சொல்றது எனக்குப் புரியல' என்பதை நாய் வேறு எப்படிச் சொல்லும்?

இன்னொன்று, அந்த 'குற்றவாளி முகம்'. செருப்பைக் கடித்துப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்து, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கும் நாயைப் பார்த்து, "தப்புன்னு அதுக்கே தெரியுது பாரு" என்கிறோம். நியூயார்க்கில் நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் இதைச் சோதித்தார். நாய் உண்மையில் தப்பு செய்ததா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. உரிமையாளர் திட்டும்போதுதான் அந்த முகம் அதிகம் வந்தது. தப்பே செய்யாத நாய்களும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைக் காட்டின.

அது நம் கோபத்துக்கு வரும் எதிர்வினை. செய்த தப்பை ஒப்புக்கொள்வது அல்ல. எதற்கு என்று தெரியாமல் அடி வாங்கும் நாய், நம் கையைக் கண்டாலே பயப்படக் கற்றுக்கொள்ளும். உறுமியதற்காக அடிக்கப்பட்டால், அடுத்த முறை உறுமாமலேயே கடிக்கலாம். எச்சரிக்கை மணியை நாமே அறுத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இது விளையாட்டான விஷயமில்லை. கடைசியில் 'கடிக்கிற நாய்' என்ற பெயரோடு தெருவில் விடப்படுவதும் அந்த நாய்தான்.

மைதானம் இல்லை, வீட்டில் என்ன செய்யலாம்?

தடைகள் இல்லாமலேயே இந்தப் பாடங்களைப் பழகலாம்.

1. ஒரு செயலுக்கு ஒரே சொல். அப்பா "சிட்", அம்மா "உட்காரு", பாட்டி "உக்காருடா கண்ணு" என்றால் நாய்க்கு அது மூன்று மொழி. வீட்டில் எல்லோரும் பேசி, சொற்களை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

2. ஒரே முறை சொல்லுங்கள். "உட்காரு உட்காரு உட்காரு" என்றால், மூன்றாவது முறைதான் உட்கார வேண்டும் போல என்று நாய் புரிந்துகொள்ளும்.

3. சொல் முதலில், ஜாடை அடுத்து. புதுச் சொல் கற்றுத்தரும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டினால் நாய் ஜாடையை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

4. 'வா' என்று கூப்பிடும்போது நாயை நோக்கிப் போகாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, பின்னால் இரண்டடி வையுங்கள். முதல் பத்தியில் வந்த டாமிக்கும் இதுதான் மருந்து.

5. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். நாய் நன்றாகச் செய்யும்போதே நிறுத்துங்கள்.

6. இரண்டு செங்கல் மேல் வைக்காமல், தரையிலேயே ஒரு கம்பைப் போட்டுத் தாண்டப் பழக்குங்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் போர்வை போட்டால் டன்னல் தயார்.

7. எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுங்கள். நாயைப் பார்க்காதீர்கள், உங்கள் காலையும் தோளையும் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

குட்டி நாயை உயரம் தாண்ட வைக்காதீர்கள். எலும்பு வளர்ச்சி முழுமை அடைந்திருக்காது. உலக அமைப்பின் அஜிலிட்டி போட்டிகளில் 18 மாதம் நிறையாத நாய்க்கு அனுமதியே இல்லை. வயதான, எடை கூடிய நாய் என்றால் முதலில் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். வழுக்கும் டைல்ஸ் தரை வேண்டாம். நம் ஊர் வெயிலில் மொட்டை மாடித் தரை பாதத்தைச் சுட்டுவிடும். உங்கள் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயாலும் முடியாது. அதிகாலைதான் சரியான நேரம்.

நாட்டு நாய்க்கு இது வருமா?

தாராளமாக வரும். அமெரிக்காவின் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியில், 2024-ல் அஜிலிட்டி சாம்பியன் ஆனது 'நிம்பிள்' என்ற கலப்பின நாய். அந்தப் போட்டியில் கலப்பின நாய் ஒன்று பட்டம் வென்றது அதுதான் முதல் முறை. இனத்தைப் பொறுத்து வேகமும் ஆர்வமும் மாறும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்கள் ஓடும் எதையும் துரத்தக் கூடியவை. அவற்றைச் சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் மட்டும் அவிழ்த்துப் பழக்குவது நல்லது.

கடைசியாக ஒரு காட்சி. அஜிலிட்டி போட்டி தொடங்கும் முன், போட்டியாளர்களை நாய் இல்லாமல் மைதானத்துக்குள் விடுவார்கள். கையை நீட்டி, தோளைத் திருப்பி, இல்லாத நாயிடம் மெதுவாகப் பேசிக்கொண்டே ஆளாளுக்கு நடப்பார்கள். முதன்முறை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். நாயிடம் என்ன சொல்லப் போகிறோம், எந்த இடத்தில் சொல்லப் போகிறோம் என்பதை அவர்கள் முதலில் தங்களுக்குள் முடிவு செய்துகொள்கிறார்கள்.

அடுத்த முறை "சொன்ன பேச்சே கேட்கல" என்று கையை ஓங்கும் முன், நாமும் ஒரு நிமிடம் நின்று யோசிக்கலாம். என் வாய் என்ன சொன்னது? என் உடம்பு என்ன சொன்னது?