விசிறியின் வேகமும் வீட்டுக் கணக்கும்

மின்சார விசிறியை மெள்ளச் சுழலவிட்டால் செலவு குறையுமா, குறையாதா? கோடை பிறந்ததும் நம் இல்லங்களில் எழும் வழக்கு இது. பாட்டியார் குறையும் என்பார். கல்லூரியில் படிக்கும் பேரனோ குறையவே குறையாது என்று சாதிப்பான். இரு கட்சியிலும் நியாயம் உண்டு என்பது நமது தீர்ப்பு. சுவரிலுள்ள ரெகுலேட்டர் எத்தகையது என்பதைப் பொறுத்த விஷயம் அது.

பழைய வீடுகளில் காணும் பெரிய ரெகுலேட்டர் பெட்டிக்குள் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அது மின்சாரத்தை வழிமறிப்பதால் விசிறியைச் சேரும் மின் அழுத்தம் குறைகிறது, வேகமும் தணிகிறது. ஆனால், விசிறி மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கு சுருளில் உஷ்ணமாகி வீணாகிறது. பெட்டியின் மேல் கை வைத்தால் சூடு தெரியும். காற்று வாங்க அமர்ந்த அறையிலேயே சிறு அடுப்பையும் மூட்டிவைத்ததற்கு ஒப்பாகும் இது! பேரனின் கட்சிக்கு இதுவே ஆதாரம்.

பின்னர் வந்த ரெகுலேட்டர்கள் இருவகைப்படும். ஒரு வகையில் கம்பிச் சுருளுக்குப் பதிலாகக் கண்டென்சர்கள் உள்ளன. இவை அழுத்தத்தைக் குறைத்தாலும் தாம் விழுங்கும் சக்தி மிக அற்பம். மற்றொரு வகையில் டிரையாக் என்னும் சிறு கருவி வேலை செய்கிறது. நம் வீடுகளுக்கு மின்சாரம் வினாடிக்கு 50 அலைகளாக வருகிறது. ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு, எஞ்சியதையே டிரையாக் விசிறிக்கு அனுப்புகிறது. இவ்வகையில் சில சமயம் விசிறி முனகுவதுண்டு. எவ்வகையாயினும், இவ்விரண்டிலும் பாட்டியார் கட்சியே வெல்லும். விளக்கொளியை மங்கச் செய்யும் கருவியை மட்டும் விசிறிக்குப் பொருத்தலாகாது. மோட்டார் சூடேறிக் கெடக்கூடும்.

இப்பொழுது பி.எல்.டி.ஸி. விசிறிகள் பரவி வருகின்றன. இவற்றின் வேகத்தை உள்ளிருக்கும் மின்னணுச் சுற்றே ஆள்வதால் சுவர் ரெகுலேட்டர் வேண்டுவதில்லை. சாதாரணக் கூரை விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் கொள்ளும். இதற்குச் சுமார் 30 வாட் போதும். தினம் 10 மணி நேரம் சுழன்றால் மாதத்தில் ஒரு விசிறிக்கு 13 யூனிட்டுக்கு மேல் மிச்சம். 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், வாங்குவோர் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

நம் தேசத்து மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. சுவரில் ஒரு பெட்டி வீணே சூடேறுமாயின், அதற்கும் எங்கோ கரி எரியத்தான் வேண்டும். ஆதலின் நேயர்கள் இன்றே தம் வீட்டு ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பார்களாக. சூடேறும் பழைய சுருள் பெட்டியானால், தேர்ந்த மின்சாரத் தொழிலாளியைக் கொண்டு அதை மாற்றிவிடுவது வீட்டுக்கும் நாட்டுக்கும் நலமாகும்.