பக்கத்துக்கு ஒரு முகவரி, படத்துக்கு வேறு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலோ வால்வு செய்யும் ஒரு சிறு ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாங்க நினைப்பவர் புனேயில் இருந்தாலும் முதலில் தேடுவது கூகுளில்தான். அதனால் கேள்விக்குறியும் எண்ணுமாக இருந்த பழைய முகவரியை '/பொருட்கள்/வால்வு/' என்று படித்தாலே புரியும்படி மாற்றுகிறார்கள். மாற்றியதும் முகப்பு மட்டும் பழையபடி இருக்க, உள்பக்கங்கள் நிறமும் படமும் இழந்து வெறும் எழுத்தாக நிற்கும். பழி பெரும்பாலும் சர்வர் மேல் விழும். சர்வர் பாவம். பக்கத்தின் முகவரி மனிதருக்கும் தேடுபொறிக்கும் உரியது. படம், சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட் கோப்புகளின் முகவரி இயந்திரத்துக்கு உரியது. முன்னதைச் சார்ந்து பின்னதை எழுதியதுதான் கோளாறு.

பக்கத்தின் நிரலில் 'படங்கள்/லோகோ' என்று மொட்டையாக எழுதினால், அதை முழு முகவரியாகக் கட்டுவது பிரவுசரின் வேலை. 1995இல் ஆர்எஃப்சி 1808 என்ற இணைய நெறி ஆவணம் வகுத்த, 2005இல் ஆர்எஃப்சி 3986 உறுதிசெய்த விதி எளியது: பக்கத்தின் முகவரியில் கேள்விக்குறியும் அதற்குப் பின்னுள்ளதும் கணக்கில் வராது, கடைசிச் சாய்கோட்டுக்கு அப்பால் இருப்பதை வெட்டிவிட்டு மிச்சத்தோடு ஒட்ட வேண்டும். பழைய முகவரியில் அது சரியாக வந்தது. புதியதில் '/பொருட்கள்/வால்வு/படங்கள்/லோகோ' என்றாகும். கடைசிச் சாய்கோட்டை விட்டுவிட்டால் '/பொருட்கள்/படங்கள்/லோகோ'. இரண்டு ஃபோல்டரும் சர்வரில் கிடையாது. 1996இல் ரால்ஃப் எங்கெல்ஷால் அப்பாச்சி சர்வருக்கு எழுதிய மாட்-ரீரைட் போன்ற கருவிகள், அழகான முகவரியை உள்ளுக்குள் பழைய கோப்புக்குத் திருப்பிவிடுகின்றன. திருப்பியது பிரவுசருக்குத் தெரியாது. 'எதிர்வீடு' என்பது சொல்பவர் நிற்கும் இடத்தில் மட்டுமே முகவரி.

இதைவிடக் குழப்புவது, பல நேரம் 'கோப்பு இல்லை' என்னும் 404 பிழைகூட வராததுதான். தெரியாத முகவரி எது வந்தாலும் முகப்பு நிரலுக்கு அனுப்பு என்று விதி எழுதியிருப்பார்கள். சிஎஸ்எஸ் கேட்ட பிரவுசருக்கு 200 என்ற வெற்றி எண்ணோடு ஓர் எச்டிஎம்எல் பக்கம் வந்து சேரும். வகை பொருந்தாததால் பிரவுசர் அதை ஒதுக்கிவிடும். பிரவுசரின் நெட்வொர்க் பட்டியலில் எல்லாமே 200 என்று இருக்கும். கன்சோலைத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும்.

முகவரியில் சொற்கள் இருப்பதற்குக் கூகுள் தரும் மதிப்பே குறைவு, இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். மதிப்பு குறைவு என்பது உண்மைதான். ஆனால் கூகுள் பக்கத்தைப் பிரவுசர் போலவே வரைந்தும் பார்க்கிறது. சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை மறைக்காதீர்கள் என்று 2014இலேயே தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. சிறு ஆதாயத்துக்காக முகவரியை மாற்றி, உடைந்த பக்கத்தை அதன் கண்ணில் காட்டுவது நட்டக் கணக்கு.

முகப்பைச் சுட்டும் பேஸ் என்ற ஒற்றை எச்டிஎம்எல் குறியைப் போட்டால் தீர்ந்தது என்பார்கள் சிலர். படங்கள் திரும்பிவிடும், ஆனால் பக்கத்துக்குள்ளேயே தாவும் '#தொடர்பு' போன்ற இணைப்புகள் முகப்புக்கு ஓடிவிடும். சாய்கோட்டில் தொடங்கி, தளத்தின் வேரிலிருந்து '/படங்கள்/லோகோ' என்று எழுதுவதே நல்லது. சோதனைத் தளத்தை ஒரு துணை ஃபோல்டரில் வைத்தால் அதுவும் உடையுமே என்ற மறுப்பு நியாயமானது. வேர் முகவரியை ஒரே ஓர் அமைப்புக் கோப்பில் வைத்து, டெம்ப்ளேட் அதை எல்லா இடத்திலும் அச்சிடச் செய்தால் அந்தச் சிக்கல் இல்லை. சிஎஸ்எஸ் கோப்புக்குள் இருக்கும் படங்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். அங்கே கணக்கு சிஎஸ்எஸ் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறது.

அந்த இரு தொழிற்பேட்டைகளும் இருக்கும் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்தின் தளம், பக்க முகவரி வேறு, கோப்பு முகவரி வேறு என்ற பிரிவினையை முழுதாகவே செய்திருக்கிறது. தேசியத் தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் மேடையில் இயங்கும் அதில், தமிழ்ப் பக்கங்களின் முகவரியில் மொழிக்குறி ஒன்று கூடுதலாக நுழையும். படங்களோ வேறொரு சர்வரிலிருந்து முழு முகவரியோடு வருகின்றன. பக்கம் எந்த மொழியில் இருந்தாலும் படத்துக்கு அது பொருட்டில்லை.

தமிழில் முகவரி வைப்பவர்களுக்கு இப்படிப் பிரிக்க இன்னொரு காரணமும் உண்டு. யூனிகோட் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் முகவரியாக அனுப்பப்படும்போது 9 எழுத்துகளாக விரியும். 'கும்மிடிப்பூண்டி' மட்டுமே 144 இடம் பிடிக்கும். வேர்ட்பிரஸ் பக்கப்பெயருக்குத் தருவதே 200. இரண்டாம் சொல் சற்று நீண்டாலே முகவரி அறுபடும். பக்கத்துக்காவது சுருக்கமாக ஒரு தமிழ்ப் பெயரைத் தேடிக்கொள்ளலாம். கோப்புப் பெயரில் ஆபத்து கண்ணுக்கே தெரியாது. 'தொழிற்பேட்டை' என்ற பெயரிலுள்ள 'தொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை இரண்டாகப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். திரையில் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும் பெயருக்குக் 'கோப்பு இல்லை' என்று பதில் வரும். எனவே, தமிழ்ப் பெயர் பக்கத்துக்கு இருக்கட்டும். படக்கோப்புக்கு வெறும் எண்ணே போதும்.