குளிர்நாட்டில் கொதிக்கும் எஞ்சின்

தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை நோக்கிப் புகையிரதத்தில் செல்வோர், வட்டகொடை நிலையத்தை அணுகும்போது சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது வழக்கம். அங்குள்ள பனியும் சாரலும் அப்படிப்பட்டவை. அத்தகைய குளிரிலும், பாதை வளைவொன்றில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, அதன் எஞ்சின் ஆறும்வரை கைகட்டிக் காத்து நிற்கும் மனிதரை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். உடல் நடுங்கும் ஊரில் எஞ்சின் மட்டும் ஏன் கொதிக்கிறது? இக்கேள்விக்கு விடை தேட வேண்டிய நிர்ப்பந்தம் எமக்கும் ஒருமுறை ஏற்பட்டது.

மோட்டார் சைக்கிளும் உஷ்ணமும் உடன்பிறந்தவை. நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்து சேர்ந்த 1885ஆம் ஆண்டிலேயே, ஜெர்மனியில் கொட்லீப் டெய்ம்லர் என்பார் பெற்றோலில் ஓடும் இருசக்கர வாகனமொன்றைச் செய்து முடித்தார். அதன் வெள்ளோட்டத்தின்போதே, எஞ்சினின் சூட்டினால் ஓட்டியவரின் ஆசனம் தீப்பற்றிக்கொண்டது என்பர்.

எஞ்சினுக்குள் பெற்றோல் எரியும் கணத்தில் எழும் வெப்பம் 2,000 பாகை செல்சியஸையும் தாண்டும். அதன் எதிரே ஓயாமல் ஓடும் பிஸ்டனோ அலுமினியக் கலப்பு உலோகத்தாலானது. அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். அதனைக் காப்பவை உள்ளே ஓடும் எண்ணெயும், வெளியே அடுக்கடுக்காக அமைந்த உலோகத் தகடுகளும், அவற்றினூடே வீசும் காற்றுமேயாம். எரிபொருள் தரும் சக்தியில் மூன்றிலொரு பங்குகூடச் சில்லைச் சென்றடைவதில்லை. மீதியெல்லாம் வெப்பமாகவே வெளியேற வேண்டும். மலை ஏறும்போது எரியும் பெற்றோல் அதிகம், வேகம் குறைவு, ஆகவே வீசும் காற்றும் குறைவு. இந்நிலையில் சிறு குறையொன்று சேர்ந்தாலும் எஞ்சின் தாங்காது.

எமது அனுபவத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் எமது மோட்டார் சைக்கிள் ஒரு வார காலமாகச் சுட்டுக்கொண்டிருந்தது. எண்ணெயை மாற்றினோம்; பிளக்கை மாற்றினோம்; பணம் போயிற்றேயன்றிச் சூடு போகவில்லை. அவ்வாரத்திலேயே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையும் வந்தது. பஸ்ஸைத் தவறவிட்டு அழாக்குறையாக நின்ற எமது மாணவன் ஒருவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடை வழியாகத் தலவாக்கலைக்குப் புறப்பட்டோம். ஏற்றம் தொடங்கிய சிறிது நேரத்தில், "சேர், ஏதோ எரியிற மணம் வருகுது" என்றான் பையன். "நீ பரீட்சையை நினை, வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவன் வாயை அடைத்தோம்.

வட்டகொடைக்கு இன்னும் பல வளைவுகள் இருக்கையில் எஞ்சின் முனகி நின்றுவிட்டது. அவன் முகத்தை அப்போது பார்க்க எமக்குத் துணிவில்லை. தெய்வாதீனமாக அவ்வழியே வந்த கொழுந்து லொறியொன்று அவனை ஏற்றிக்கொண்டு போயிற்று. பாதையோரத்தில் தனித்து நின்ற எம்மிடம், தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரித்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் வந்தார். எஞ்சினை அவர் தொடவேயில்லை. பின்சில்லின் நடுப்பாகத்துக்கு அருகே கையை வைத்துப் பார்த்து, "மாஸ்டர், காய்ச்சல் அங்கே, நோய் இங்கே" என்றார்.

உண்மை அதுவே. முந்திய வாரம் தளர்ந்திருந்த சங்கிலியை நாமே இறுக்கியிருந்தோம். அதற்காகச் சில்லைப் பின்னே தள்ளும்போது பின்பிரேக்கின் கம்பியும் இழுபட்டு இறுகும் என்பதை மறந்தோம். மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டிருக்க, எஞ்சின் மலையோடும் பிரேக்கோடும் ஒருசேரப் போராடியிருக்கிறது. உராய்வைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பிலே பாடம் நடத்தும் எமக்கு இது பெரிய தலைகுனிவு.

ஆகவே, எஞ்சின் சுட்டால் அதனைக் கழற்ற முற்படுமுன் வெளியிலிருந்து உள்ளே செல்லுங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை விடுவித்து, பின்சில்லைக் கையால் சுழற்றுங்கள்; அது தடையின்றிச் சுழல வேண்டும். ரயரில் காற்றுப் போதுமா, எஞ்சின் தகடுகளிடையே சேறு படிந்துள்ளதா என்று கவனியுங்கள். அடுத்து, எண்ணெயின் அளவு. அதன் பின், கிளச் வழுக்குகிறதா என்பது; எஞ்சின் இரைந்தும் வண்டி முன்னேறாவிட்டால் பழுது அங்கேதான். இவையனைத்தும் சரியாயிருந்தால் மாத்திரம் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனை இளம் பழுப்பாயிருப்பது நலம். கரியாயிருந்தால் பெற்றோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெற்றோல் போதவில்லை, சூடும் அதனாலாகலாம்.

மலைநாட்டாருக்கு இதில் விசேட கவனம் வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் காற்று, கொழும்புக் காற்றைவிட ஏறக்குறைய ஆறிலொரு பங்கு அடர்த்தி குறைந்தது. காபரேற்றர் உள்ள எஞ்சின் அங்கே காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் குடிக்கும். அதனைக் குறைக்கவெனச் சிறிய ஜெற் பூட்டியவர், அதே நிலையில் கொழும்புக்கு இறங்கினால், பெற்றோல் போதாமல் எஞ்சின் கடுமையாகச் சுடும்.

வழியிலே சூடேறினால் பதற வேண்டாம். ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். கொதிக்கும் உலோகம் திடீரெனச் சுருங்கி வெடிக்கக்கூடும். இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டிச் செல்வதும் ஆபத்து. பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். ஓடும்போதே பிஸ்டன் இறுகிவிட்டால் பின்சில்லும் நின்றுவிடும். உடனே கிளச்சைப் பிடிப்பது உயிர்காக்கும். மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் குடும்பத்தலைவர்கள் இதனை மறக்கலாகாது.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, பழைய வண்டியைப் பேணிக் காப்பதைத் தவிரப் பல குடும்பங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் அதுவே துணையாயிற்று. அக்காலத்தில் கற்ற சிக்கனம் எக்காலத்துக்கும் உகந்ததே.

பையன் என்னவானான் என்று கேட்பீர்கள். லொறி அவனை உரிய நேரத்தில் சேர்த்தது, பரீட்சையிலும் தேறினான். எரிகிற மணத்தை அவனே முதலில் உணர்ந்தான் என்பதை அவன் ஒருபோதும் நினைவூட்டியதில்லை. எமக்குத்தான் அது மறக்கவில்லை. அன்றிலிருந்து, பின் ஆசனத்தில் இருப்பவர் எதைச் சொன்னாலும் வண்டியை நிறுத்திக் கேட்பது எமது வழக்கமாயிற்று.