மோட்டாரை நிறுத்துவது யார்?

பேரையூர், சாப்டூர், டி.கல்லுப்பட்டி பக்கம் கிணற்றுப் பாசனம் செய்கிறவருக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரம்தான் தண்ணீர் பாய்ச்சும் நேரம். அது ராத்திரியாக இருந்தால் டார்ச் லைட்டோடு, பாம்புக்குப் பயந்தபடி வரப்பில் நடக்க வேண்டும். அந்த நடையைக் குறைத்தது செல்போன் ஸ்டார்ட்டர். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டிலிருந்து போன் போட்டால் மோட்டார் ஓடும், நிற்கும். புனேயில் உருவான ‘நானோ கணேஷ்’ என்ற இப்படியான கருவி 2009இல் நோக்கியா நடத்திய போட்டியில் பரிசு வாங்கியது. தமிழக வேளாண் பொறியியல் துறையும் இத்தகைய கருவிகளுக்கு மானியம் தருகிறது. ‘பொருட்களின் இணையம்’ நம் காடுகரைக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

இனி அடுத்த கட்டம். கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போய் மோட்டார் வெறுமனே ஓடினால் காயில் கருகிவிடும். அதை நிறுத்துவது யார்? அளவீட்டை செல்போன் டவர் வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பி, அது சொன்ன பிறகு நிறுத்தலாம். அல்லது பெட்டியே நிறுத்தலாம். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும். அதைக் கவனித்து பெட்டி சில நொடிகளில் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிறகு நமக்குத் தகவல் சொன்னால் போதும். சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊருக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. அவசர முடிவு காட்டிலேயே எடுக்கப்பட வேண்டும். கணக்கும் வரலாறும் சர்வருக்குப் போகட்டும்.

மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார்களின் கதை வேறு. பருத்திக் காட்டில் பத்து இடத்தில் நட்டால் பத்து சிம்முக்கும் ரீசார்ஜ் செய்து கட்டுப்படியாகாது, பேட்டரியும் தாங்காது. இதற்குப் பொருத்தமானது லோரா. பிரான்சின் கிரெனோபிள் நகரில் சைக்லியோ என்ற சிறு நிறுவனத்தில் பிறந்த இந்த ரேடியோ நுட்பத்தை 2012இல் செம்டெக் நிறுவனம் வாங்கியது. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், அனுமதிக்கப்பட்ட சக்திக்குள் இயங்கினால் தனி உரிமம் வேண்டாம். வேகம் மிகக் குறைவு, படம் அனுப்ப முடியாது. ஆனால் ‘ஈரம் 22 சதவீதம்’ என்று சொல்ல எத்தனை எழுத்து வேண்டும்? ஊர் மேல்நிலைத் தொட்டியின் உச்சியில் ஒரு கேட்வே வைத்தால், திறந்த சமவெளியில் சில கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் உள்ள சென்சார்கள் பேசுவதை அது கேட்கும். கேட்டதை நெட்வொர்க் சர்வருக்கு அனுப்பும். இரண்டு கேட்வேக்கள் ஒரே செய்தியைக் கேட்டு அனுப்பினாலும் அந்த சர்வர் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பேட்டரி சென்சார் பெரும்பாலும் தூங்கும். பேசி முடித்த பின் ஒரு நொடி கழித்துச் சற்று நேரமும், தேவைப்பட்டால் இரண்டாவது நொடியில் இன்னொரு முறையும் காது கொடுக்கும்; பிறகு மறுபடி தூக்கம். அதனால்தான் பேட்டரி ஆண்டுக்கணக்கில் வருகிறது. மோட்டாரை இப்படித் தூங்கும் கருவியிடம் ஒப்படைக்கக் கூடாது. ‘நிறுத்து’ என்ற கட்டளை அது அடுத்த முறை பேசும்வரை காத்துக்கிடக்கும். ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் பக்கத்திலேயே இருப்பதால் அது எப்போதும் விழித்திருக்கலாம். மின்தடை வந்ததைச் சொல்ல மட்டும் அதற்கும் ஒரு சிறு பேட்டரி வேண்டும்.

சிம் வைத்த பெட்டிதான் வாங்குகிறீர்கள் என்றால் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். டவர் இல்லாத நேரத்திலும், கிணற்றில் தண்ணீர் இறங்கினால் இது தானாக மோட்டாரை நிறுத்துமா? 2ஜியில் மட்டும் ஓடுமா, 4ஜியிலும் ஓடுமா? 2ஜி மட்டும் என்றால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது.