தண்டவாளம் ஏறும் வாகனங்கள்

தச்சநல்லூரில் ரயில் பாதையோரம் வசிக்கும் எங்களுக்கு ஆய்வு டிராலி புதிதல்ல. குடை நிழலில் பொறியாளர் அமர்ந்திருக்க, தொழிலாளர்கள் தண்டவாளத்தின் மீதே ஓடித் தள்ளிச் செல்வார்கள். நான்கு பேர் தூக்கிப் பாதையிலிருந்து அகற்றக்கூடியதே டிராலி. அதனினும் கனமானது 'லாரி' என்பது இந்திய ரயில்வேயின் பொது விதி. மனிதத் தோளே இங்கு அளவுகோல்!

அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கார்களுக்கு விளிம்புள்ள இரும்புச் சக்கரம் பூட்டி ஆய்வுக்கு ஓட்டினர். பின்னர் வந்த ஏற்பாடு இன்னும் எளியது. சாலையில் ஓடும் வண்டியின் முன்னும் பின்னும் சிறு வழிகாட்டிச் சக்கரங்கள் இருக்கும். லெவல் கிராசிங்கில் அவற்றை இறக்கினால், ரப்பர் டயரே தண்டவாளத்தின் மீது உருண்டு வண்டியைச் செலுத்தும். அங்கு இது எளிதானதற்கு ஓர் அளவுப் பொருத்தம் காரணம். அவர்களுடைய பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். சாதாரண காரின் இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரமும் ஏறத்தாழ அதுவே. நமது அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். கார் டயர் தண்டவாளத்தில் சரியாக அமராது. கனரக வண்டியையோ, தனி இரும்புச் சக்கர அமைப்பையோ நாட வேண்டும். மின்கம்பிப் பராமரிப்பு போன்ற பணிகளுக்கு அத்தகைய சாலை-ரயில் வண்டிகள் இங்கும் உண்டு. அன்றாடப் பாதை ஆய்வுக்கு அவை பரவலாகவில்லை.

அளவு மட்டுமே காரணமன்று என்பது பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் என் கருத்து. கூலி மலிவாக இருக்கும்வரை இயந்திரத்துக்குத் தேவை எழுவதில்லை. ஆனால் கணக்கில் ஏறாத செலவு ஒன்று உண்டு: பாதை அடைபடும் நேரம். மோட்டார் டிராலிக்காக ஒரு பிரிவை ஒதுக்கினால், அது அடுத்த நிலையத்தை அடையும்வரை பெரும்பாலும் வேறு ரயில் நுழைய முடியாது. இடையிலுள்ள கிராசிங்கில் இறங்கிச் சாலைக்குச் செல்லும் வண்டி அந்த நேரத்தை மிச்சப்படுத்தும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கித் தவித்ததை நாம் மறக்கவில்லை. செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. சாலையும் மூழ்கிய அந்த இரவில் இவ்வகை வண்டியும் பயன்பட்டிராது. ஆனால் மழைக்கு முன்னும் நீர் வடிந்த பின்னும் பாலங்களையும் கரைகளையும் விரைந்து பார்த்துவர அது உதவும். தாமிரபரணிப் படுகைப் பாதைகளுக்கென மதுரைக் கோட்டம் ஒன்றையேனும் திருநெல்வேலியில் நிறுத்தலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே.